புது ஃபிளாட் வாங்கும்போது உங்கள் பக்கம் நிற்க ஓர் ஏஜென்ட்: வடசென்னைக்கான முழு வழிகாட்டி

பில்டரின் விற்பனை அலுவலகத்தில் உங்களுக்கு டீ கொடுப்பவர், மாடல் ஃபிளாட்டைச் சுற்றிக் காட்டுபவர், வங்கிக் கடன் ஏற்பாடு செய்பவர், பத்திரம் எழுதுபவர் என எல்லோருக்கும் காசு வருவது ஒரே இடத்திலிருந்துதான். கூட வந்த புரோக்கருக்கும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கமிஷன். இதில் தவறு ஒன்றும் இல்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த அறையில் வாங்குபவருக்காகப் பேச யாரும் இல்லை என்பதை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் பேச ஓர் ஆளை நீங்களே, உங்கள் காசில் அமர்த்திக்கொள்வது எப்படி என்பதைப் பார்ப்போம்.

ஏஜென்ட் யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

வடசென்னையில் புது வீடு என்றால் இரண்டு விதம். பெரம்பூர், மாதவரம், திருவொற்றியூர் பக்கம் பழைய மில், தொழிற்சாலை, காலி நிலங்களில் எழும் நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட வளாகங்கள் ஒரு விதம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, கொளத்தூர், எம்.கே.பி. நகர் தெருக்களில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டில் ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும், கார் நிறுத்தும் கீழ்த்தளம்) வைத்து மூன்று மாடி ஏற்றி, நாலோ ஆறோ வீடு விற்பது இன்னொரு விதம்.

முதல் வகை ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். இரண்டாவது வகையில் பெரும்பாலானவை வராது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம் அல்லது 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடம் என்றால் 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஆக, இரண்டு கிரவுண்டில் எழும் கட்டடம்கூட வெளியே நிற்கிறது. அங்கே விற்கும் புரோக்கருக்கும் ரெரா பதிவு தேவையில்லை. தட்டிக் கேட்க ஆணையம் இல்லாத இடத்தில்தான் சொந்த ஆள் அதிகம் தேவைப்படுகிறார்.

கட்டி முடித்து, பணி நிறைவுச் சான்றும் வாங்கி, நில உரிமையாளரே நேரடியாக விற்கும் சிறிய கட்டடம் என்றால் ஏஜென்ட் இல்லாமலே சமாளிக்கலாம். நல்ல சொத்து வழக்கறிஞர் ஒருவர், சிவில் இன்ஜினியர் ஒருவர் போதும். ஏஜென்ட்டை வைத்தாலும் இந்த இருவரையும் விட்டுவிடக் கூடாது. ‘நானே லீகல் பார்த்துவிடுவேன் சார்’ என்று சொல்லும் ஏஜென்ட்டை அந்த வாக்கியத்தோடு அனுப்பிவிடலாம்.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுப்பது

ரெரா பதிவுள்ள திட்டங்களில் விற்பனைக்கு இடைநின்று உதவும் ஏஜென்ட், சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி தானும் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் ஏஜென்ட்டுகள் பட்டியல் இருக்கிறது. பெயரை வைத்துத் தேடி, பதிவு இன்னும் காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். சிறு கட்டடம் மட்டுமே பார்க்கப்போகிறீர்கள் என்றாலும் பதிவுள்ளவரையே எடுங்கள். அவருக்கு இழக்க ஏதோ ஒன்று இருக்கிறது.

நேரில் உட்கார்ந்து நாலு விஷயம் கேளுங்கள். எந்தெந்த பில்டர்களுக்கு நீங்கள் சேனல் பார்ட்னர் (கமிஷனுக்கு வீடு விற்றுத் தருபவர்)? கடைசியாக எந்தக் கட்டடத்தில் ‘இது வேண்டாம்’ என்று வாடிக்கையாளரைத் தடுத்தீர்கள், ஏன்? இந்தத் தெருவில் சென்ற வருடம் பதிவான விலை என்ன, எப்படித் தெரியும்? பில்டர் உங்களுக்குக் கமிஷன் கொடுக்க வந்தால் என்ன செய்வீர்கள்?

இதில் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். ‘அது உங்களுக்கு எதுக்கு சார், உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டேன்’ என்றால் அவர் பில்டரின் ஆள். இலவசமாக வருகிற ஏஜென்ட்டின் கூலி, நீங்கள் கொடுக்கும் சதுர அடி விலைக்குள் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

படி 2: எழுதி வாங்குவது

வாய்ப்பேச்சில் நிறுத்தாதீர்கள். முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் போதும். சம்பளத்தை விலையின் சதவீதமாக வைப்பதைவிட ஒரே தொகையாகப் பேசுவது நல்லது. விலை ஏற ஏறத் தன் கூலியும் ஏறும் என்றால் யாருக்குத்தான் பேரம் பேச மனம் வரும்? 70 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1% என்றால் 70,000. அதே 70,000-ஐ நிலையான தொகையாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் அதன்மேல் 18%, அதாவது 12,600 சேரும். அதையும் முன்பே பேசிவிடுங்கள்.

தவணை இப்படி இருக்கலாம்: காகிதங்களைச் சேகரித்து வழக்கறிஞரிடம் கொடுத்தபின் கால்பங்கு, விற்பனை ஒப்பந்தம் பதிவானதும் கால்பங்கு, கிரயப் பத்திரம் பதிவானதும் கால்பங்கு, வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் முடிந்தபின் கடைசிக் கால்பங்கு. இந்தக் கடைசிப் பங்கை விட்டுக்கொடுக்காதீர்கள். பத்திரம் பதிவான மறுநாளே போனை எடுக்காமல் போவது இந்தத் தொழிலில் சகஜம்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய வரிகள்:

- ஏஜென்ட் இந்த வாங்கலில் வாங்குபவருக்காக மட்டுமே செயல்படுகிறார்.
- பில்டர், வங்கி, இன்டீரியர் நிறுவனம் என யாரிடமிருந்தும் எந்தப் பணமும் வந்தால் ஏழு நாளில் எழுத்தில் தெரிவிப்பார். அந்தத் தொகை அவர் சம்பளத்தில் கழிக்கப்படும் அல்லது வாங்குபவருக்குத் தரப்படும்.
- வாங்குபவரின் பணத்தைத் தன் கணக்கிலோ ரொக்கமாகவோ வாங்கமாட்டார்.
- வாங்குபவர் எந்தக் கட்டத்திலும் விலகலாம். அதுவரை செய்த வேலைக்கான தவணை மட்டுமே தர வேண்டும்.

இரண்டாவது வரிக்குச் சட்ட பலமும் உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முதலாளிக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் அடித்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம். இங்கே முதலாளி நீங்கள்.

படி 3: முதல் போனுக்கு முன்

பலர் சறுக்குவது இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை விளம்பரத்தைப் பார்த்து இணையதளத்தில் போன் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள். அந்த நொடியிலேயே உங்கள் எண் யாரோ ஒரு சேனல் பார்ட்னரின் பெயரில் பதிவாகிவிடும். பிறகு நீங்கள் உங்கள் ஏஜென்ட்டோடு போனாலும், ‘இவர் ஏற்கெனவே வேறொருவர் மூலம் வந்தவர்’ என்று பில்டர் கையை விரிப்பார். அந்த வேறொருவருக்குப் போகும் கமிஷனை விலையில் குறைத்துக் கேட்கும் வாய்ப்பும் போய்விடும்.

ஆகவே ஆளை முதலில் அமர்த்துங்கள், விசாரணை பிறகு. ஏஜென்ட் பில்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்: இன்னார் நேரடி வாடிக்கையாளர், நான் அவருடைய பிரதிநிதி, உங்களிடம் கமிஷன் கேட்கவில்லை, அந்தத் தொகையை விலையில் கழித்துத் தாருங்கள் என்று. முழுத் தொகையும் கழியாது. ஏதோ கொஞ்சம் கழியும். சைட்டுக்குப் போகும்போது வாசலில் நீட்டும் படிவத்தில் ‘எப்படித் தெரியும்’ என்ற கட்டத்தில் ‘நேரடி’ என்று உங்கள் கையால் எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: காகிதங்கள்

சேகரிப்பது ஏஜென்ட்டின் வேலை, படித்துக் கருத்துச் சொல்வது வழக்கறிஞரின் வேலை. தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரையான பத்திரச் சங்கிலி, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது மாநகராட்சியின் திட்ட அனுமதியும் ஒப்புதல் வரைபடமும், ரெரா பதிவு எண் ஆகியவை எந்த ஊரிலும் கேட்பவைதான். வங்கி கடன் தருகிறது என்பதால் இவற்றைப் பார்க்காமல் விடாதீர்கள். வங்கி தன் கடனுக்காகப் பார்க்கிறது, உங்களுக்காக அல்ல.

வடசென்னையில் கூடுதலாகத் தோண்ட வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கூட்டு மேம்பாடு. இங்கே சிறு கட்டடங்களில் பெரும்பாலும் பில்டர் நிலத்தை வாங்குவதில்லை. பழைய வீட்டுக்காரர் நிலத்தைத் தருவார், பில்டர் கட்டுவார், வீடுகளைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். நீங்கள் பார்க்கும் வீடு யார் பங்கு? பில்டர் விற்கிறார், ஆனால் அது உரிமையாளர் பங்கு என்றால் அவர் கையெழுத்து தேவை. உரிமையாளர்கள் சார்பில் விற்க பில்டரிடம் இருக்கும் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) பதிவு செய்யப்பட்டதா? அதைக் கொடுத்த எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா? பழைய குடும்பச் சொத்தில் ஐந்தாறு வாரிசுகள் இருப்பார்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமே கேள்விக்குள்ளாகும். பதிவன்று உயிருடன் இருப்பதற்கான சான்று கேட்பார்கள் என்பதை ஏஜென்ட் முன்பே பில்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டாவது, கோயில், வக்ஃபு நிலங்கள். பதிவுத்துறை தளத்தில் அந்த சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு நிர்ணயித்த நில மதிப்பு) பாருங்கள். பூஜ்ஜியம் என்று காட்டினால் அது அப்படிப்பட்ட நிலமாக இருக்கலாம், அங்கேயே நிறுத்துங்கள். பில்டர் என்ன விளக்கம் சொன்னாலும் சரி.

மூன்றாவது, நகர்ப்புற நில உச்சவரம்பு. நகரத்தில் ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு எல்லை வைத்த 1978-ஆம் ஆண்டுச் சட்டம் 1999-இல் ரத்தானது. ஆனால் அதற்கு முன்பே அரசு கையகப்படுத்தி எடுத்துக்கொண்ட நிலம் அரசின் நிலம்தான். வயலாக, தோட்டமாக இருந்து மனையாக மாறிய பெரிய நிலங்களில் இதை வழக்கறிஞரிடம் குறிப்பாகக் கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு யு.டி.எஸ்., அதாவது உங்கள் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. எல்லா வீடுகளின் யு.டி.எஸ். பட்டியலையும் வாங்கி ஏஜென்ட்டைக் கூட்டிப்பார்க்கச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை நிலத்தின் மொத்த அளவைவிட அதிகமாக வந்தால் இல்லாத மண்ணை விற்கிறார்கள். மிகக் குறைவாக வந்தால் நாளை மேலே இன்னொரு மாடி ஏற்றவோ, அந்தப் பங்கை வேறு யாருக்கோ விற்கவோ மிச்சம் வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடக் கணக்கு. ஆனால் பலர் போட்டுப் பார்ப்பதில்லை.

படி 5: இடத்தைப் பார்ப்பது

விற்பனை ஆள் உங்களைக் காலை 11 மணிக்கு, வெயில் நாளில் அழைப்பார். உங்கள் ஏஜென்ட் உங்களை வேறு நேரத்தில் கூட்டிப்போக வேண்டும்: இரவு ஒன்பதுக்கு மேல் ஒருமுறை, கனமழைக்கு மறுநாள் ஒருமுறை.

இரவு எதற்கு? மணலி ஆலைப் பகுதியின் வாடை காற்றுத் திசையைப் பொறுத்து வரும். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் புகையும் அப்படியே. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை எவ்வளவு நீளம், உங்கள் தெரு முனையை அடைக்கிறதா என்பதும் அப்போது தெரியும்.

மழைக்கு மறுநாள் போய், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டில், மூலைக் கடையில் கேட்க வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர், மணலி புதுநகர் பக்கம் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ‘நாங்க ஸ்டில்ட் போட்டிருக்கோம், வீட்டுக்குள்ள தண்ணி வராது’ என்பார்கள். வீட்டுக்குள் வராது, சரி. லிஃப்ட் குழி, மோட்டார், கீழ்நிலைத் தொட்டி, மீட்டர் பெட்டி எல்லாம் அந்த ஸ்டில்ட்டில்தானே இருக்கின்றன? மீட்டர் பலகை பழைய வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழ்நிலைத் தொட்டியின் மூடி தரைமட்டத்திலிருந்து உயர்த்தப்பட்டிருக்கிறதா என்று டேப்பை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000வரை அனுமதி. கடலோரமாக அதற்கு மேலும் வரலாம். அப்படி வந்தால் மெட்ரோ குடிநீர் இணைப்பு கிடைத்துவிட்டதா, விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி.

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் கரையோரம் கட்டும் வீடு என்றால் கான்கிரீட்டைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். உப்புக் காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைப் பருக்கச் செய்து கான்கிரீட்டைப் பிளக்கும். கட்டுமானத் தரவிதி ஐ.எஸ். 456, கடலோரச் சூழலில் நேரடியாக வெளிப்படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும் (எண் கூடினால் வலிமை கூடும்), கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் கேட்கிறது. எம்20 போட்டுக் கட்டினாலும் பெயின்ட் அடித்தபின் கண்ணுக்குத் தெரியாது. கட்டமைப்பு வரைபடத்தின் குறிப்புப் பகுதியில் இந்த எண்கள் இருக்கும். உங்கள் இன்ஜினியர் பார்க்கட்டும்.

படி 6: விலை

‘சதுர அடி 6,500’ என்று பலகையில் போட்டிருக்கிறது, வீடு 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 65 லட்சம். கார் நிறுத்தம் 3 லட்சம், மின்சார, குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கு 2 லட்சம் சேர்த்தால் 70 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்றால் ஜி.எஸ்.டி. 5%, அதாவது 3.5 லட்சம். பராமரிப்பு முன்பணமும் கார்ப்பஸும் (குடியிருப்பின் பொது நிதி) சேர்ந்து ஒரு 86,000. முத்திரைத் தீர்வை 5%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 4.9 லட்சம். மொத்தம் 79.26 லட்சம். அந்த 1,000 சதுர அடியில் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் இடம்) 680 என்றால், நீங்கள் கால் வைக்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் சுமார் 11,650 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஏஜென்ட் எல்லாத் திட்டங்களையும் இந்தக் கடைசி எண்ணில்தான் ஒப்பிட வேண்டும்.

வரியில் சில நுணுக்கங்கள். 45 லட்சத்துக்கு மேற்படாமல், கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 1% மட்டுமே. பணி நிறைவுச் சான்று வந்தபின் முழுப் பணமும் கொடுத்து வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. பில்டர் அதையே காரணம் காட்டி விலையை ஏற்றுவார், அங்கேதான் ஏஜென்ட் பேச வேண்டும். 2023 டிசம்பர் முதல் புது ஃபிளாட்டுகளின் முதல் விற்பனை நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிவாகிறது. 50 லட்சம்வரை முத்திரைத் தீர்வை 4%, அதற்கு மேல் 3 கோடிவரை 5%. விலை 50 லட்சத்தைத் தொட்டால் பில்டருக்குத் தரும் ஒவ்வொரு தவணையிலும் 1% பிடித்து வருமான வரித்துறைக்கு நீங்கள் கட்ட வேண்டும். மறந்தால் வட்டியும் அபராதமும் உங்கள் தலையில்.

பேரத்துக்கு ஆயுதம் வில்லங்கச் சான்றுதான். அதே சர்வே எண்ணுக்குப் பதிவுத்துறை தளத்தில் பார்த்தால் அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே பதிவான வீடுகளின் பத்திர மதிப்பு வரிசையாக வரும். ‘போன மாதம் இரண்டாம் மாடி இந்த விலைக்குப் போயிருக்கிறதே’ என்று சொல்லும்போது பேச்சின் தொனி மாறும். சதுர அடி விலையைக் குறைக்க பில்டர் தயங்குவார், ஏனெனில் அடுத்து வருபவரும் அதைக் கேட்பார். கார் நிறுத்தம், இணைப்புக் கட்டணம், ஒரு வருடப் பராமரிப்பு, நல்ல தரக் குழாய்கள் இவற்றில் இறங்கி வருவார். அங்கே அழுத்துங்கள்.

கார் நிறுத்தத்தைப் பற்றி ஒன்று. ஸ்டில்ட் நிறுத்தத்தைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் பணம் வாங்குகிறார்கள். வாங்கினால் எண் குறித்த வரைபடத்தோடு ஒதுக்கீட்டுக் கடிதம் வேண்டும். தூணுக்கும் தூணுக்கும் நடுவே உங்கள் வண்டியை ஒருமுறை நிறுத்திக் கதவைத் திறந்து பாருங்கள்.

படி 7: அட்வான்ஸும் ஒப்பந்தமும்

டோக்கன் பணம் திட்டத்துக்கென்று உள்ள பில்டரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். ரொக்கம் வேண்டாம். எந்த நிலையில் முழுதும் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்: வழக்கறிஞர் மறுத்தால், வங்கி மறுத்தால். ரெரா திட்டத்தில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10%-க்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 13-ஆவது பிரிவு. சின்னக் கட்டடத்தில் அந்தக் காப்பு இல்லை. அதே 10% வரம்பை நீங்களே நிபந்தனையாக வையுங்கள்.

ஒப்பந்தத்தில் ஏஜென்ட் சரிபார்க்க வேண்டியது: கார்ப்பெட் ஏரியா எண்ணாக இருக்கிறதா, ஒப்படைக்கும் தேதி இருக்கிறதா, நீங்கள் தாமதித்தால் ஒரு வட்டி, பில்டர் தாமதித்தால் வேறு வட்டி என்று இருக்கிறதா. ரெரா சட்டப்படி இரு பக்கமும் ஒரே வட்டிதான். தவணைகள் தேதிப்படி இல்லாமல் கட்டுமான நிலைப்படி இருக்கட்டும். ஒவ்வொரு தவணை கேட்பு வரும்போதும் ஏஜென்ட் நேரில் போய், அந்த மாடி உண்மையில் போட்டாகிவிட்டதா என்று தேதி தெரியும் படம் அனுப்ப வேண்டும்.

படி 8: சாவி வாங்குமுன்

கடைசித் தவணையாகக் குறைந்தது 5% கையில் இருக்கும்போதே இன்ஜினியரோடு ஒரு முழுப் பகல் செலவிடுங்கள். லேசர் கருவியால் ஒவ்வொரு அறையையும் அளந்து ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். குளியலறை வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டு மேற்கூரையைப் பாருங்கள். டைல்ஸைக் கழியால் தட்டினால் வெற்றாக ஒலிப்பவை ஓராண்டில் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் வருகிறதா என்று சோதியுங்கள். பால்கனியில் வாளித் தண்ணீர் ஊற்றினால் வடிகாலுக்குப் போகிறதா, ஹாலுக்குத் திரும்புகிறதா பாருங்கள். குறைகளைப் படத்தோடு பட்டியலிட்டு பில்டரிடம் கையெழுத்தும் முடிக்கும் தேதியும் வாங்குவது ஏஜென்ட்டின் வேலை.

பணி நிறைவுச் சான்று தேவைப்படும் கட்டடத்தில் அது இல்லாமல் சாவி வாங்காதீர்கள். நிரந்தர மின் இணைப்பு அதைத்தான் நம்பியிருக்கிறது. தற்காலிக இணைப்பில் ஆண்டுக்கணக்கில் அதிகக் கட்டணம் கட்டும் குடியிருப்புகள் உண்டு.

படி 9: பதிவும் அதற்குப் பிறகும்

பதிவு நாளன்று காலையில் இன்னொருமுறை வில்லங்கம் பாருங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவே நிலத்தின்மேல் பில்டர் கடன் வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் உங்கள் வீட்டை விடுவிக்கும் வங்கிக் கடிதம் வேண்டும். சொத்து விவரப் பகுதியில் சர்வே எண், நான்கெல்லை, யு.டி.எஸ்., மாடி, கதவு எண், கார் நிறுத்த எண் எல்லாவற்றையும் ஏஜென்ட் வாய்விட்டுப் படிக்க, நீங்கள் வரைபடத்தில் விரலை வைத்துச் சரிபாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பின்னால் திருத்தப் பத்திரம் போட வேண்டும், அதற்கு விற்றவர் கையெழுத்தும் வேண்டும். விற்றவர் அதற்குள் எங்கே இருப்பாரோ.

பதிவு முடிந்ததும் மாநகராட்சிச் சொத்து வரி, மெட்ரோ குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றி, ரசீதுகளைக் கையில் வாங்கிய பிறகு ஏஜென்ட்டுக்குக் கடைசிக் கால்பங்கைக் கொடுங்கள். ரெரா திட்டமானால், கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் குறை தெரிந்தால் பில்டர் உங்களிடம் பணம் வாங்காமல் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். புகாரை வாட்ஸ்அப்பில் நிறுத்தாமல் ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஏஜென்ட் பொய் சொல்லி விற்றிருந்தால் அவர்மேலும் அதே ஆணையத்தில் புகார் செய்யலாம்.